மதுரை–ராமநாதபுரம் ஏரியா: ஒரு படம் நம் கடற்கரைக்கு எப்படி வந்து சேர்கிறது?

1910-ஆம் ஆண்டில் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டம், 1985-இல் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நிர்வாகத்தில் மறைந்துவிட்ட அந்தப் பழைய எல்லை, திரைப்பட விநியோகத் தொழிலின் கணக்குப் புத்தகங்களில் இன்னும் அழியாமல் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு படத்தை விற்கும்போது மாநிலம் முழுவதையும் ஒருவருக்கே கொடுப்பதும் உண்டு, ஏரியா ஏரியாவாகப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி–தஞ்சை, மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று நீளும் அந்தப் பட்டியலில், நம் ஊர்கள் எல்லாம் ‘எம்.ஆர்.’ என்ற இரண்டெழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தேனியின் வசூலும் பரமக்குடியின் வசூலும், சிவகாசியின் வசூலும் ராமநாதபுரத்தின் வசூலும் ஒரே விநியோகஸ்தரின் ஒரே கணக்கில் வந்து விழும்.

இந்த மண்ணுக்குத் திரைத்தொழில் அந்நியமானதும் அல்ல. ஏ.வி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர், 1948-இல் சென்னைக்கு மாறும்வரை அவருடைய ஸ்டுடியோ காரைக்குடியில்தான் இயங்கியது, அன்று காரைக்குடி ராமநாதபுரம் மாவட்டத்து ஊர். இருந்தும், படம் எடுப்பவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுக்கு, எடுத்த படத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்ப்பவர்களைப் பற்றித் தெரிவதில்லை. ‘இந்தப் படம் ஏன் நம் ஊருக்கு வரவில்லை’, ‘வந்த படத்தை ஏன் ஐந்தே நாளில் தூக்கிவிட்டார்கள்’, ‘காலைக் காட்சி ஏன் ரத்தானது’ என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அவர்களுடைய ஒப்பந்தங்களில்தான் இருக்கிறது.

தொழிலின் அடிப்படை எளிமையானது. தயாரிப்பாளர் படத்தை எடுக்கிறார். திரையரங்கு உரிமையாளர் அதைத் திரையிடுகிறார். இருவருக்கும் நடுவில், ஒரு குறிப்பிட்ட ஏரியாவுக்குள் அந்தப் படத்தைத் திரையிடும் உரிமையைத் தயாரிப்பாளரிடமிருந்து பெற்று, அந்த ஏரியாவின் அரங்குகளுக்குக் கொடுத்து, வசூலைத் திரட்டி, கணக்கு முடிப்பவர் விநியோகஸ்தர். சென்னையில் இருக்கும் தயாரிப்பாளர் ஒருவரால் பரமக்குடியில் எந்த அரங்கில் எத்தனை இருக்கை, எந்த உரிமையாளர் பாக்கி வைக்காமல் பணம் கட்டுவார், திருவிழா எப்போது வருகிறது என்பதையெல்லாம் அறிந்துவைத்திருக்க முடியாது. மதுரையில் உட்கார்ந்திருக்கும் எம்.ஆர். விநியோகஸ்தருக்கு அது விரல்நுனியில் இருக்கும். இது அவர் செய்யும் வேலையின் வெளித்தெரியும் பாதி.

மறுபாதிதான் முக்கியமானது. பெரும்பாலான படங்கள் வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுக்கப்படுகின்றன. அந்தக் கடனை அடைக்காமல் படத்தை வெளியிட முடியாது. படம் வெளிவராமல் வசூல் வராது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு, படம் ஓடுமா ஓடாதா என்று எவருக்கும் தெரியாத நிலையிலேயே பணத்தைக் கொண்டுவந்து வைக்கும் ஒருவர் தேவைப்படுகிறார். அவரே விநியோகஸ்தர். ஆகவே விநியோக ஒப்பந்தம் என்பது, படம் ஓடாமல் போனால் நஷ்டத்தை யார் சுமப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏற்பாடு. இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் தொழிலின் மற்ற சொற்கள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது புதிய ஏற்பாடே அல்ல. விசைப்படகு உரிமையாளர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொள்கிறார்; பிடித்துவரும் மீனை அந்த வியாபாரியிடமே போட வேண்டும். டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால் டீசல் செலவு யார் தலையில் என்பது, கரையைவிட்டுப் புறப்படும் முன்பே எல்லாருக்கும் தெரியும். முன்பணம், செலவுக் கழிவு, பங்கு ஆகிய இந்த மூன்றும்தான் திரைப்பட விநியோகத்திலும் வெவ்வேறு பெயர்களில் உலவுகின்றன.

மூன்று வகை ஒப்பந்தங்கள்

வழக்கத்தில் இருப்பவை முக்கியமாக மூன்று. அவுட்ரைட் என்பது மொத்த விலைக்கு வாங்குவது; விலையைக் கொடுத்த பிறகு லாபமும் நஷ்டமும் விநியோகஸ்தருக்கே. மினிமம் கேரண்டி, அதாவது எம்.ஜி., என்பது இவ்வளவு தொகை நிச்சயம் என்று முன்னதாகவே கொடுத்துவிடுவது. அந்தத் தொகையும் செலவும் மீண்ட பிறகு வரும் உபரியை, தொழிலில் ‘ஓவர்ஃப்ளோ’ என்று சொல்லப்படுவதை, இருவரும் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். அட்வான்ஸ் முறையில் விநியோகஸ்தர் ஒரு தொகையைக் கொடுத்துவைப்பார். படத்தை வெளியிட்டுத் தம் கமிஷனையும் செலவையும் எடுத்துக்கொண்டு, வசூல் அந்தத் தொகையைத் தொடாவிட்டால் குறையும் பணத்தைத் தயாரிப்பாளரிடம் திருப்பிக் கேட்பார். முன்பணமே இல்லாமல் கமிஷனுக்கு மட்டும் வெளியிட்டுக் கொடுப்பதும் உண்டு, சிறு படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வெளிவருகின்றன.

கணக்கு வசதிக்காக ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். எம்.ஆர். ஏரியா உரிமைக்கு 70 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டிருக்கிறது. போஸ்டர், விளம்பரம், ஆள் கூலி உள்ளிட்ட வெளியீட்டுச் செலவு 5 லட்சம். படம் 60 அரங்குகளில் ஓடி, அரங்குக்குச் சராசரியாக 1.5 லட்சம் வீதம் விநியோகஸ்தரின் பங்காக 90 லட்சம் வந்தது. அவுட்ரைட் என்றால் 15 லட்சம் முழுவதும் விநியோகஸ்தருக்கு. எம்.ஜி. என்றால் அந்த 15 லட்சம் ஓவர்ஃப்ளோ. பாதிக்குப் பாதி என்று பேசியிருந்தால் ஆளுக்கு ஏழரை லட்சம். அட்வான்ஸ் என்றால், 10 விழுக்காடு கமிஷன் என்று வைத்துக்கொண்டால், 9 லட்சம் கமிஷனும் 5 லட்சம் செலவும் போக 76 லட்சம் தயாரிப்பாளருக்குச் சேர வேண்டியது. 70 லட்சம் முன்பே கொடுத்தாகிவிட்டது, இன்னும் 6 லட்சம் கொடுத்தால் கணக்கு முடிந்தது.

இப்போது அதே படம் ஓடவில்லை, பங்கு 40 லட்சம்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவுட்ரைட்டிலும் எம்.ஜி.யிலும் விநியோகஸ்தருக்கு 35 லட்சம் நஷ்டம், அதைக் கேட்க அவருக்கு ஆளில்லை. அட்வான்ஸில் கதை வேறு: கமிஷன் 4 லட்சமும் செலவு 5 லட்சமும் கழித்தால் 31 லட்சம்தான் தயாரிப்பாளருக்குரியது, ஆகவே தயாரிப்பாளர் 39 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். படம் ஓடும்போது மூன்று முறைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு சில லட்சங்கள்தான். ஓடாதபோதுதான் சுமை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு முழுதாக மாறுகிறது. ‘இவ்வளவு கோடிக்கு விற்பனை’ என்று செய்தி வரும்போது, அது எந்த முறையில் விற்றது என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏட்டில் இருப்பதுபோல நடப்பில் எல்லாம் நேர்கோட்டில் போவதில்லை. திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸை உடனே தர தயாரிப்பாளரிடம் பணம் இருக்காது. ‘அடுத்த படத்தில் கழித்துக்கொள்ளலாம்’ என்று பேசி முடிப்பார்கள். அடுத்த படத்தின் உரிமையும் அதே விநியோகஸ்தருக்குப் போவதற்கு இதுவே காரணமாகிவிடும். இன்னொரு பக்கம், எம்.ஜி.க்கு வாங்கிப் பெரும் நஷ்டம் அடைந்தவர்கள், சட்டப்படி உரிமை இல்லாவிட்டாலும், ஈடு கேட்டுத் தயாரிப்பாளரையும் நடிகரையும் அணுகுவது தமிழ்த் திரையுலகில் பலமுறை நடந்திருக்கிறது. சில நேரம் கொடுத்தும் இருக்கிறார்கள்.

டிக்கெட் பணம் பிரியும் விதம்

பார்வையாளர் கவுன்டரில் நீட்டும் பணத்தில் முதலில் வெளியேறுவது வரி. 2017 ஜூலை முதல் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. இருக்கிறது, 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடு. தமிழ்நாட்டில் இதற்கு மேல் உள்ளாட்சி அமைப்புக்குச் செல்லும் கேளிக்கை வரியும் உண்டு. வரியோடு சேர்ந்த மொத்த வசூல் ‘கிராஸ்’. வரி போக மிஞ்சுவது ‘நெட்’. நெட்டில் விநியோகஸ்தருக்கு வருவது ‘ஷேர்’. விளம்பரங்களில் பெரிதாக அச்சாகும் கோடிகள் எல்லாம் கிராஸ். படத்தின் லாப நஷ்டத்தை முடிவுசெய்வது ஷேர்.

கடலோரச் சிற்றூர் ஒன்றில் 300 இருக்கை கொண்ட ஒற்றைத் திரை அரங்கு இருப்பதாகக் கொள்வோம். வரி நீங்கலாக டிக்கெட் விலை 100 ரூபாய், நாளுக்கு நான்கு காட்சி. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சராசரியாக 800 டிக்கெட் விற்கிறது. மீதி நான்கு நாளும் 200 டிக்கெட்தான். வாரத்தின் நெட் 3,20,000 ரூபாய். முதல் வாரம் 60 விழுக்காடு விநியோகஸ்தருக்கு என்று பேசியிருந்தால் 1,92,000 அவருக்கு, 1,28,000 அரங்குக்கு. வாரம் ஏற ஏற விநியோகஸ்தரின் விகிதம் குறைந்துகொண்டே வருவது பொது வழக்கம். இந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ்களில் 2009-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஏற்பட்ட ஒப்பந்தம் முதல் வாரம் 50, இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன்பின் 30 விழுக்காடு என்று இதைத் தெளிவாகவே வகுத்தது. நம் பக்கத்து ஒற்றைத் திரை அரங்குகளில் பெரிய நடிகர் படத்துக்கு முதல் வார விகிதம் இதைவிட நன்றாகவே மேலே போகும்.

மேலே சொன்ன கணக்கில் கவனிக்க வேண்டியது, ஏழு நாள் நெட்டில் முக்கால் பங்கு, அதாவது 2,40,000 ரூபாய், முதல் மூன்று நாளிலேயே வந்துவிடுகிறது என்பது. திங்கட்கிழமைக் காலைக் காட்சிக்குப் பத்துப் பேர் வந்தாலும் மின்சாரமும் ஆள் சம்பளமும் ஒன்றுதான். ‘ஐந்தே நாளில் தூக்கிவிட்டார்கள்’ என்ற கோபம் நியாயமானதே, ஆனால் அந்த முடிவு பெரும்பாலும் இந்தத் திங்கட்கிழமைக் கணக்கில்தான் எடுக்கப்படுகிறது.

அரங்குக்காரர் சொல்லும் கணக்கை விநியோகஸ்தர் எப்படி நம்புகிறார்? அதற்காகத்தான் ‘ரெப்’ என்று அழைக்கப்படும் பிரதிநிதி வருகிறார். காட்சி தொடங்கிக் கவுன்டர் மூடியதும் அவர் டிக்கெட் புத்தகங்களை வாங்கிப் பார்ப்பார். ஒவ்வொரு வகுப்புக்கும் அந்தக் காட்சியில் கிழித்த முதல் டிக்கெட்டின் எண், கடைசி டிக்கெட்டின் எண், இரண்டையும் வைத்துக் கணக்கிட்ட டிக்கெட் எண்ணிக்கை, அதை விலையால் பெருக்கிய தொகை என்று வரிசையாக ஒரு தாளில் ஏறும். நான்கு காட்சியும் முடிந்த பிறகு அதில் அரங்கு மேலாளரும் பிரதிநிதியும் கையெழுத்திடுவார்கள். அதுதான் டி.சி.ஆர்., நாள் வசூல் அறிக்கை. ஏரியா முழுவதிலிருந்தும் இந்தத் தாள்கள் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் படத்தின் உண்மையான தலையெழுத்து தெரியும். இப்போது கணினி டிக்கெட்டும் இணைய முன்பதிவும் வந்திருப்பதால் இந்த வேலை பாதி குறைந்திருக்கிறது. ஆனாலும் சிறு ஊர்களில் ஒருவர் நேரில் வந்து தலையெண்ணிப் பார்ப்பது நின்றுவிடவில்லை.

பெட்டி வந்த காலம்

டிஜிட்டலுக்கு முன் ஒரு படம் என்பது ஒரு தகரப் பெட்டி. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) வீதம் ஓடும். ஓர் அடிக்கு 16 சட்டகம். ஆக நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி நீளம். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிடம் ஓடும் என்பதால், ஒரு படத்துக்குப் பதினான்கு சுருள் வரை தேவைப்பட்டது. அத்தனையையும் அடுக்கிய பெட்டியின் எடை ஓர் ஆளைத் திணறவைக்கும். பிரிண்ட் எனப்படும் இந்தப் படப்பிரதி ஒவ்வொன்றையும் எடுப்பதற்குப் பெரும் செலவு ஆனதால், ஏரியாவுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிரிண்டுகள் கிடைத்தன. அவை எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் ஏற்பாடுதான் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்ற வரிசை.

மதுரை ஏ சென்டர். 1952-இல் திறக்கப்பட்ட, 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட தங்கம் திரையரங்கு போன்ற பேரரங்குகளில் பிரிண்ட் முதலில் ஓடும். அங்கே கூட்டம் குறைந்த பிறகு மாவட்டத் தலைநகரங்களுக்கும் நடுத்தர ஊர்களுக்கும் வரும். அதன்பிறகே சிற்றூர்களுக்கும் கீற்றுக் கொட்டகைகளுக்கும், டூரிங் டாக்கீஸ் என்று நாம் அழைத்த தற்காலிக அரங்குகளுக்கும் இறங்கும். மதுரையில் நூறு நாள் ஓடிய படம் என்றால், கடற்கரைச் சிற்றூர்க்காரர் அதைப் பார்ப்பதற்கு நூறு நாளுக்கு மேல் காத்திருந்தார் என்று பொருள். வந்து சேரும் பிரிண்டும் கோடுகள் விழுந்து, அறுந்த இடங்களை வெட்டி ஒட்டி, சில நொடிகள் இழந்துதான் வரும். இரண்டு அரங்குகள் ஒரே பிரிண்டைப் பகிர்ந்துகொண்டால், ஓரிடத்தில் ஓடி முடிந்த சுருளைச் சைக்கிளில் வைத்து அடுத்த அரங்குக்கு ஓட்டுவார்கள். வண்டி தாமதித்தால் இடைவேளை நீளும்.

பாம்பன் கால்வாய்க்கு அப்பால் இருக்கும் ராமேஸ்வரம் தீவுக்கு இந்த வரிசையில் இன்னும் ஒரு தடை இருந்தது. 1914-இல் திறந்த ரயில் பாலம்தான் நெடுங்காலத்துக்கு ஒரே இணைப்பு. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. அதுவரை பேருந்தில் பெட்டியை ஏற்றித் தீவுக்குள் கொண்டுபோக வழியே இல்லை, ரயில் வர வேண்டும், அல்லது படகு. புயல் மழைக் காலத்தில் எது நின்றாலும் படமும் நின்றுவிடும். 1980-களில் வீடியோ கேசட்டும், பிறகு கேபிளும் வி.சி.டி.யும் பரவியபோது கடைசி வரிசை அரங்குகள்தான் முதலில் அடிவாங்கின. மாதக்கணக்கில் தாமதமாக வரும் படத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டவர்கள் கொட்டகைக்கு எதற்கு வருவார்கள்? எல்லா ஊரிலும் ஒரே நாளில் வெளியிட்டுவிட வேண்டும் என்ற நெருக்கடி இங்கிருந்துதான் பிறந்தது.

சாவி வரும் காலம்

இன்று படம் ஒரு கோப்பு. டி.சி.பி. என்று அழைக்கப்படும் அந்தக் கோப்புத் தொகுப்பு, நூறு ஜிகாபைட்டைத் தாண்டும் பருமனோடு, வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ இணையம் வழியாகவோ அரங்கின் சர்வருக்கு வெளியீட்டு நாளுக்கு முன்பே வந்துவிடும். ஆனால் அது பூட்டப்பட்டிருக்கும். திறக்கும் சாவிக்குப் பெயர் கே.டி.எம். சில கிலோபைட் அளவுள்ள ஒரு சிறு கோப்பு அது. மின்னஞ்சலில் வரும், பென் டிரைவில் போட்டுச் சர்வருக்குள் ஏற்றலாம். அந்தச் சாவி ஒரே ஒரு சர்வருக்கு மட்டும்தான் பொருந்தும். எந்த நாள், எந்த நேரம் முதல், எந்த நேரம் வரை படத்தை ஓட்டலாம் என்பதும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ராமநாதபுரத்து அரங்குக்கு வந்த சாவியால் பரமக்குடியில் படம் ஓட்ட முடியாது. வியாழக்கிழமை நள்ளிரவோடு முடியும் சாவி வெள்ளிக்கிழமைக் காலையில் திறக்காது.

காலைக் காட்சி ரத்தாகும் மர்மமும் இதற்குள்தான் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் படத்தின் நெகட்டிவ் லேபில் இருக்கும். கடன் கொடுத்தவர்கள் ‘எங்கள் பாக்கி தீர்ந்தது’ என்று எழுதிக் கொடுக்கும்வரை லேப் பிரிண்டுகளை வெளியே விடாது. அந்த இடத்தை இன்று சாவி பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய இரவில் சென்னையில் தயாரிப்பாளரும் பைனான்சியரும் விநியோகஸ்தர்களும் பழைய பாக்கி, புதிய பாக்கி எல்லாவற்றையும் பேசி முடிப்பார்கள். கடைசிக் கையெழுத்து விழுந்த பிறகே கே.டி.எம். புறப்படும். பேச்சு விடியும்வரை நீண்டால், நம் ஊரில் டிக்கெட் வாங்கி வாசலில் நிற்பவர்களிடம் ‘சாவி வரவில்லை’ என்று அரங்கு ஊழியர் சொல்ல வேண்டியிருக்கிறது. தமக்குத் தொடர்பே இல்லாத ஒரு கடனுக்காக அவர் வசைகேட்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

இந்தச் சாதனங்களையும் சேவையையும் கியூப், யு.எஃப்.ஓ. போன்ற நிறுவனங்கள் வழங்குகின்றன. அதற்கு ஈடாகத் தயாரிப்பாளரோ விநியோகஸ்தரோ ஒவ்வொரு திரைக்கும் கட்டும் தொகை வி.பி.எஃப். பிரிண்ட் எடுக்கும் செலவு மிச்சமாகிறது, அதில் ஒரு பகுதியை அரங்கின் டிஜிட்டல் கருவிக்காகக் கொடுங்கள் என்பது அதன் தொடக்க நியாயம். கருவிக்கான செலவு மீண்ட பின்னும் அதை எதற்குத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் வரை தமிழில் புதுப்படங்களே வெளிவராமல் நின்றதற்கு இந்தச் சண்டை முதன்மைக் காரணம். இருக்கை குறைவான சிற்றூர் அரங்கைப் பொறுத்தவரை இந்தத் தொகை நேரடியாகவே கசக்கும், ஏனென்றால் அங்கே வரக்கூடிய ஷேர் வி.பி.எஃப்.க்கே கட்டாது என்று தோன்றினால் விநியோகஸ்தர் அந்த அரங்கை விட்டுவிடுவார். ‘நம் ஊருக்கு ஏன் வரவில்லை’ என்ற கேள்விக்கு ஒரு விடை இது.

ஆக, கடற்கரை ஊர்க்காரர் இன்று மதுரைக்காரருடன் ஒரே வெள்ளிக்கிழமையில் படம் பார்க்கிறார். இது சிறிய நன்மை அல்ல. ஆனால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியாகும்போது, கூட்டம் முழுவதும் மூன்று நாளில் வந்து தீர்ந்துவிடுகிறது. வாய்மொழியாகப் பெயர் பரவி மெல்ல ஏற வேண்டிய படத்துக்கு அவகாசமே இல்லாமல் போகிறது. பெரிய நடிகரின் படமென்றால் விநியோகஸ்தர் அரங்கிடமும் எம்.ஜி.யோ அட்வான்ஸோ கேட்கிறார். பத்துத் திரை கொண்ட மல்டிபிளெக்ஸ், படம் சரியில்லை என்றால் சனிக்கிழமையே காட்சிகளைக் குறைத்து வேறு படத்துக்குக் கொடுத்துவிடும். ஒற்றைத் திரைக்காரர் தாம் கொடுத்த பணம் மீளும்வரை அதையே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியவர். முன்னால் சொன்ன நஷ்டச் சுமை சென்னையில் தொடங்கி மதுரை வழியாக இறங்கி இறங்கி, கடைசியில் பேரம் பேசும் வலிமை மிகக் குறைந்தவரிடம் வந்து நிற்கிறது என்பதே என் எண்ணம்.

ஊருக்கு ஊர் வேறுபடும் வருமானத்தையும் இந்தப் பேரம் கணக்கில் கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்ற ஊர்களுக்கு அது பள்ளி விடுமுறை, திரைத்தொழிலுக்குப் பொன்னான சீசன். பெரிய படங்கள் தேடி வந்து வெளியாகும் மாதங்கள். இங்கேயோ படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், கையில் காசு புழங்காது. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகின்றன. ஊரெல்லாம் ஹவுஸ்புல் ஆகும் சனிக்கிழமை இரவில் இங்கே படம் பார்க்க வேண்டிய இளைஞர்களில் பலர் கடலில் இருப்பார்கள். கீழக்கரை, தொண்டி பக்கம் ரமலான் மாதத்தில் மாலைக் காட்சிகள் வெறிச்சோடும், பெருநாள் அன்று நிரம்பும். இதெல்லாம் தெரிந்த விநியோகஸ்தர் மதுரை நகரத்து அரங்குக்குக் கேட்கும் விகிதத்தைக் கடற்கரை அரங்கிடம் கேட்க மாட்டார். சென்னையிலிருந்தே தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே நிபந்தனை போடும் வழக்கம் பெருகிவருவதால், இந்த உள்ளூர் அறிவுக்கு மதிப்புக் குறைந்துவருகிறது. ஏரியா விநியோகஸ்தர்கள் மறைந்தால் நமக்கு உண்டாகும் இழப்பு அதுதான்.

திரையரங்கு உரிமை தவிர, தொலைக்காட்சி, இணையத் தளம், பிற மொழி, வெளிநாடு என்று படத்துக்கு வேறு உரிமைகளும் தனித்தனியே விற்பனையாகின்றன. அவற்றில் ஏரியா விநியோகஸ்தருக்குப் பங்கில்லை, ஆனால் பாதிப்பு உண்டு. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் இணையத் தளத்துக்கு வந்துவிடுகின்றன; இதை எட்டு வாரமாக்க வேண்டும் என்று திரையரங்கு உரிமையாளர்கள் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். நான்காவது வெள்ளி வரும் முன்பே ‘இன்னும் சில நாளில் வீட்டிலேயே வந்துவிடும்’ என்ற எண்ணம் பார்வையாளருக்கு வந்துவிட்டால், இரண்டாவது வாரமே அரங்குக்கு வீண்.

உரிமைக்கு ஆயுளும் உண்டு. அவுட்ரைட்டாக வாங்கினாலும் அது குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான். கெடு முடிந்ததும் ஏரியா உரிமை தயாரிப்பாளரிடம் திரும்பிவிடும். ஃபிலிம் காலத்தில் அப்போது பிரிண்டுகளையும் ஒப்படைக்க வேண்டும். பழைய படங்களைத் துலக்கி மறுபடி வெளியிடும் வழக்கம் அண்மைக் காலத்தில் பெருகியிருப்பதால், யாரிடம் இப்போது உரிமை இருக்கிறது என்று தேடும் வேலையும் கூடியிருக்கிறது. பழைய படங்களைச் சிற்றூர் அரங்குகள் ஷேர் முறையில் எடுக்காமல், ‘பிக்சட் ஹயர்’ என்னும் நிலையான வாடகைக்கும் எடுக்கலாம். வாடகையை முன்னதாகக் கொடுத்துவிட்டால் ரெப் கிடையாது, டி.சி.ஆர். கிடையாது, வரி போக வருவதெல்லாம் அரங்குக்கே. தடைக்கால மாதங்களில் புதுப்படத்துக்கு எம்.ஜி. கட்ட முடியாத கடற்கரை அரங்கு உரிமையாளர், குறைந்த வாடகைக்கு ஒரு பழைய படத்தை எடுத்து, டிக்கெட் விலையையும் குறைத்து, இரண்டு காட்சி மட்டும் ஓட்டிக்கொள்ள இந்த முறை இடம்கொடுக்கிறது.